அரட்டையும் அறிவிப்பும்: முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நண்பர்களின் இணையவழிப் பேச்சு

ஆய்வுச்சுருக்கம்

நண்பர்கள் இணையவழி நிகழ்த்தும் ஓய்வுநேரப் பேச்சில் மூன்று பொருள்கள் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. அவை வியப்பூட்டும் செய்தி, வழக்கத்திற்கு மாறான இசை, அன்றாடச் சறுக்கல் என்பன. இவற்றைப் பயனற்ற பேச்சு என ஒதுக்கிவிடுவது எளிது. தூத்துக்குடி மாவட்டத்துப் பெரியதாழையை உள்ளிட்ட முத்துக்குளித்துறைக் கடற்கரையைக் களமாகக் கொண்டு, இம்மூவகைப் பேச்சும் செய்யும் பணியை இக்கட்டுரை விளக்குகின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், பேச்சுத் தமிழின் ‘ஆம்’ என்னும் கேள்விவழி ஒட்டு, அண்மைக் கால நிகழ்வுகள் ஆகியவை விளக்கத்திற்குத் துணையாகின்றன. அரட்டை உறவின் தடத்தைத் திறந்து வைக்கின்றது. இடர்க்காலத்தில் அறிவிப்பு அதே தடத்தின் வழியே செல்கின்றது. சொன்னவர் யார் என்பதைப் பேச்சுவழக்கின் இலக்கணம் காக்கும்வரை அத்தடம் நம்பத்தக்கதாக இருக்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: அரட்டை, மெய்ப்பாடு, கேள்விவழி ஒட்டு, நெய்தல், அம்பா, வதந்தி, முத்துக்குளித்துறை.

முன்னுரை

தமிழ்நாட்டைத் தளமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்திப் பரிமாற்றச் செயலிக்கு ‘அரட்டை’ என்றே பெயர் சூட்டியது. 2025 செப்டம்பரில் அச்செயலி இந்தியா முழுவதும் பரவலாகத் தரவிறக்கப்பட்டபோது, தமிழறியாதோரும் அச்சொல்லை ஒலிக்கத் தொடங்கினர். வீண்பேச்சு என்ற பொருளில் கண்டிப்புக்குரியதாக இருந்த சொல் ஒரு தொழில்நுட்பத்தின் பெருமைக்குரிய பெயரானமை சிந்திக்கத்தக்கது. வகுப்பறையில் ‘அரட்டை அடிக்காதே’ என்று ஆசிரியர் விலக்குவதும், செயலியின் பெயராக அச்சொல் மக்களை அழைப்பதும் ஒரே சொல்லின் இரு மதிப்பீடுகள்.

இவ்விரு மதிப்பீடுகளுக்கும் இடையில் அரட்டையின் உண்மையான பணி யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இது புள்ளிவிவர ஆய்வன்று, விளக்கமுறைக் கட்டுரை. தனிமனிதர் எவருடைய செய்திகளும் இதில் எடுத்தாளப்படவில்லை. இடையே வரும் பேச்சுத்தொடர்கள் இலக்கணக் கூறுகளை விளக்குவதற்காகக் கட்டுரையாசிரியரால் அமைக்கப்பட்டவை.

களமாகக் கொள்ளப்பட்ட பெரியதாழை, தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், மணப்பாட்டிற்குத் தெற்கே அமைந்த மீனவர் ஊர். கடலரிப்பால் நிலத்தை இழந்து, தூண்டில் வளைவு வேண்டிப் போராடிய ஊர்களுள் ஒன்று. கடலுக்குச் சென்றவர் திரும்பும்வரை கரையில் இருப்போர் காத்திருக்க வேண்டிய ஊரில், பேச்சு பொழுதுபோக்காக மட்டும் அமைய இயலாது. ஆகவே அரட்டையின் மதிப்பை அளந்தறிய இக்கடற்கரை பொருத்தமான களமாகின்றது.

1. அரட்டை என்னும் பேச்சுவகை

நண்பர்களின் நோக்கமற்ற பேச்சைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. அரட்டை, வெட்டிப்பேச்சு, ஊர்க்கதை, கதையளத்தல் என்பன தமிழகத்தில் வழங்குகின்றன. ஈழத்தில் பேசுதல் என்பதற்கே ‘கதைத்தல்’ என்பது பொதுச்சொல். வேடிக்கைப் பேச்சைக் குறிக்கப் ‘பம்பல்’ என்பதும் வழக்கிலுண்டு. தமிழகச் சொற்களில் பெரும்பாலானவை ஏளனம் கலந்தவை. இதற்கு அறநூல்களின் செல்வாக்கும் ஒரு காரணம் எனலாம். திருக்குறள் ‘பயனில சொல்லாமை’ என ஓர் அதிகாரமே வகுத்து, பலரும் வெறுக்கப் பயனற்றவை பேசுவோரைக் கடிகின்றது.

ஆயினும் பயன் என்பதைச் செய்தியின் பயன் என மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மானிடவியலறிஞர் பிரானிஸ்லா மாலினோவ்ஸ்கி 1923இல் வெளியான கட்டுரையொன்றில், கருத்தைத் தெரிவிப்பதற்காக அன்றி, உடனிருத்தலை உறுதிப்படுத்துவதற்காகவே நிகழும் பேச்சைத் தனிவகையாகப் பிரித்துக் காட்டினார். ‘சாப்பிட்டாச்சா?’ என்னும் நம் வினா இவ்வகையினது. வினவுபவர் உணவைப் பற்றி அறிய விரும்புவதில்லை. ‘நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய்’ என்பதே அதன் பொருள். பின்னர் ரோமன் யாக்கப்சன் 1960இல் மொழியின் ஆறு பணிகளுள் ஒன்றாக, தொடர்புத் தடத்தைத் திறந்து வைக்கும் பணியைச் சேர்த்தார்.

மாலினோவ்ஸ்கியின் அதே கட்டுரையில் மற்றொரு பகுதியும் உள்ளது. டிரோபிரியாண்ட் தீவினர் கடற்கழியில் ஓடங்களில் சென்று மீன்பிடிக்கும்போது பரிமாறும் சொற்களை அவர் விவரிக்கின்றார். அங்கு ஒவ்வொரு சொல்லும் செயல். வலையை வீசு, திருப்பு, இழு என்னும் கட்டளைகளே பேச்சு. ஆக, மீனவரின் தொழிற்பேச்சு ஒருபுறமும் ஓய்வுநேர உறவுப்பேச்சு மறுபுறமுமாக அவர் இரண்டையும் வேறுபடுத்துகின்றார். முத்துக்குளித்துறைக் கடற்கரையின் இன்றைய இணையவழிப் பேச்சில் இவ்விரண்டும் ஒரே குழுவில், ஒரே கைப்பேசியில் அடுத்தடுத்து நிகழ்கின்றன. காலையில் வேடிக்கைக் காணொளி வந்த இடத்திலேயே மாலையில் காற்றின் நிலை வருகின்றது. இக்கலப்பே இங்குக் கருதத்தக்கது.

2. கடற்கரைப் பேச்சிலிருந்து குரல்பதிவு வரை

கடற்கரை ஊர்களில் மணற்பரப்பே திண்ணை. வலை பின்னுவதும், பொத்தல் அடைப்பதும், மீன்பாடு பற்றி உசாவுவதும் அங்கேயே நிகழும். உவரியைச் சேர்ந்த ஜோ டி குருஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ (2004), சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கொற்கை’ ஆகிய புதினங்கள் இக்கடற்கரையின் பேச்சுவழக்கை இலக்கியத்திற்குள் விரிவாகக் கொணர்ந்தன. தொழில் நுணுக்கமும் ஊர்க்கதையும் எள்ளலும் அப்பேச்சில் பிரித்தறிய இயலாதவாறு கலந்திருப்பதை அவற்றில் காணலாம்.

வாட்ஸ்அப் செயலியில் 2013இல் குரல்பதிவு வசதி சேர்க்கப்பட்டது. தமிழைத் தட்டச்சு செய்வதில் இடர்ப்படுவோர்க்கும், கைகளில் ஈரமும் உப்பும் படிந்த தொழிலாளர்க்கும் அது ஏற்ற கருவியாயிற்று. வால்டர் ஓங் 1982இல் ‘இரண்டாம் வாய்மொழி’ எனக் குறிப்பிட்ட நிலை இங்குப் பொருந்தும். எழுத்துப் பண்பாட்டைக் கடந்துவந்த கருவி, மீண்டும் குரலுக்கே இடமளிக்கின்றது. ‘ஏலே’, ‘மக்கா’, ‘மாப்ளே’ முதலிய விளிகளும், இழுத்துப் பேசும் இசையும், பின்னணியில் ஒலிக்கும் காற்றும் எழுத்தில் காட்ட இயலாதவை. குரல்பதிவில் அவை அப்படியே செல்கின்றன. வளைகுடா நாடுகளிலும் வணிகக் கப்பல்களிலும் பணிபுரிவோர் ஊரின் குரலை ஊரின் ஒலியோடு கேட்கின்றனர்.

ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. நேர்ப்பேச்சில் கதை சொல்பவர்க்கு ‘உம்’ கொட்டுபவர் தேவை. ‘உம்’ நின்றால் கதையும் நிற்கும். இணையப் பேச்சில் அப்பணியை உணர்குறிகள் ஏற்கின்றன. செய்தியைக் கண்டதற்கு அடையாளமாக நீலக் குறி தோன்றியும் மறுமொழி வாராதபோது நண்பர் மனம் வருந்துவதற்குக் காரணம், ‘உம்’ கொட்டப்படாமையே. கருவி புதிது; எதிர்பார்ப்பு பழையது.

3. வியப்புச் செய்தி: மருட்கையும் அதன் எல்லையும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையைக் கூறி, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என வகுக்கின்றது. நண்பர்கள் பகிரும் வியப்புச் செய்திகளை இந்நான்கில் எளிதாக அடக்கலாம். முன்பு காணாத மீன் புதுமை. இயல்பினும் பெரிய திமிங்கிலம் பெருமை. மிக நுண்ணிய பொருள் சிறுமை. ஒன்று மற்றொன்றாக மாறுதல் ஆக்கம்.

இக்கடற்கரையில் இதற்குச் சிறந்த சான்று உண்டு. 2016 சனவரி 11, 12 ஆகிய நாள்களில் மணப்பாடு, ஆலந்தலை உள்ளிட்ட திருச்செந்தூர்ப் பகுதிக் கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கின. மீனவர் அவற்றைப் படகுகளில் கட்டிக் கடலுக்குள் இழுத்துச் சென்றுவிட்டனர். அவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பின. இதற்கு 43 ஆண்டுகட்கு முன், 1973 சனவரியில், இதே மன்னார் வளைகுடாக் கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியமை மீன்வள ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது. இளைஞர்க்குப் புதுமையாகத் தோன்றிய நிகழ்வு கடற்கரைக்குப் புதியதன்று. முன்னதைக் கண்டவர் அருகிருக்கும் உரையாடலில் வியப்பு நினைவோடு சேர்ந்து அறிவாகின்றது. அவர் இல்லாத இடத்தில் அது வியப்பாகவே நிற்கும். அல்லது அச்சமாக மாறும்.

மருட்கை அச்சமாக மாறுவதற்குத் துடுப்பு மீன் எடுத்துக்காட்டு. நாடா போன்று நீண்ட உடலுடைய இவ்வாழ்கடல் மீன் கரைப்பக்கம் தோன்றினால் நிலநடுக்கம் நேரும் என்னும் நம்பிக்கை ஜப்பானில் உண்டு. 2025இல் தமிழகக் கடற்பகுதியில் பிடிபட்ட துடுப்பு மீனின் காணொளி பரவியபோது அந்நம்பிக்கையும் உடன் பரவியது. ஆழிப்பேரலையை 2004இல் கண்ட கடற்கரையில் இத்தகைய செய்தி எளிதில் கடந்துபோவதன்று. ஆயின் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1928 முதல் 2011 வரையிலான ஆழ்கடல் மீன் தோற்றங்கள் 336ஐ நிலநடுக்கப் பதிவுகளோடு ஒப்பிட்டு, இரண்டிற்கும் தொடர்பில்லை என 2019இல் வெளியிட்டனர். மீன் தோன்றியது மெய்; மீனோடு ஒட்டப்பட்ட முன்னறிவிப்பு மெய்யன்று. வியப்புச் செய்தியில் இவ்விரு கூறுகளையும் பிரித்தறிதலே கேட்பவர் கடமை.

4. ‘ஆம்’ காக்கும் பொறுப்பு

அவ்வாறு பிரித்தறியும் கருவியைத் தமிழ்ப் பேச்சுவழக்கு தன் இலக்கணத்திலேயே கொண்டுள்ளது. கீழ்வரும் நான்கு தொடர்களை நோக்குக.

அ) மணப்பாட்டுல திமிங்கிலம் ஒதுங்கியிருக்கு, நான் பாத்தேன்.
ஆ) மணப்பாட்டுல திமிங்கிலம் ஒதுங்கியிருக்குன்னு மச்சான் சொன்னான்.
இ) மணப்பாட்டுல திமிங்கிலம் ஒதுங்கியிருக்காம்.
ஈ) மணப்பாட்டுல திமிங்கிலம் ஒதுங்கியிருக்கு போல.

முதல் தொடரில் சொல்பவரே சான்று. இரண்டாவதில் சான்று பெயர் சுட்டப்பட்ட வேறொருவர். மூன்றாவதில் செய்தி பிறர் வாயிலாக வந்தது என்பது மட்டும் புலப்படும். அதன் மெய்ம்மைக்குச் சொல்பவர் பொறுப்பேற்பதில்லை. நான்காவது ஊகம். மூன்றாம் தொடரில் வினைமுற்றின் இறுதியில் சேரும் ‘ஆம்’ என்னும் ஒட்டு ‘வரலாம்’ என்பதில் வரும் இசைவுப்பொருள் ஈற்றினின்றும் வேறானது. தாமஸ் லேமன் முதலிய இக்கால மொழியியலாளர் தம் தமிழ் இலக்கணங்களில் இதனைக் கேள்விவழிச் செய்தியைக் குறிக்கும் ஒட்டாக விளக்குவர். குழந்தைக்குச் சொல்லும் கதையில் ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று தொடங்குவதும் இவ்வொட்டினாலேயே.

கேள்விவழிச் செய்தியை அடையாளமிட்டுக் கூறும் மரபு தமிழில் பழமையானது. தொல்காப்பியர் முன்னோர் கருத்தை எடுத்துரைக்குங்கால் ‘என்ப’, ‘என்மனார்’ என்னும் வாய்பாடுகளைக் கையாள்கின்றார். இக்கால நாளிதழ் ‘எனக் கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’ என எழுதுகின்றது. பேச்சுவழக்கில் அப்பணியை ஓரசை ஒட்டு ஆற்றுகின்றது.

இதன் சமூகப் பயன் பெரிது. ‘ஒதுங்கியிருக்காம்’ என்று கேட்ட நண்பர் ‘யார் சொன்னா?’ என்று வினவுதல் இயல்பு. அவ்வினா பேசுபவரை இழிவுபடுத்தாது. ஏனெனில் அவர் தாம் கண்டதாகக் கூறவில்லை. ஆக, ‘ஆம்’ என்னும் ஒட்டு ஐயத்திற்கு வாயில் திறந்து வைக்கின்றது. நட்பு முறியாமல் ஐயுற முடிவதே நல்ல அரட்டையின் அடையாளம்.

சங்க அகமரபில் ஊரார் பேச்சு அம்பல், அலர் என இருநிலையாகக் கொள்ளப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது. இறையனார் களவியல் உரை, வெளிப்படச் சொல்லாது முகிழ்க்கும் நிலையை அம்பல் என்றும், இன்னானுக்கும் இன்னாளுக்கும் உள்ள தொடர்பு என விளங்கச் சொல்லும் நிலையை அலர் என்றும் வேறுபடுத்தும். அலர் எழுந்ததைத் தோழி தலைவனுக்கு உணர்த்தி மணந்துகொள்ளத் தூண்டுவது அகப்பாடல்களில் பயின்றுவரும் துறை. ஊர்ப்பேச்சை அப்படியே பரப்பாமல், உரியவரிடம் உரிய நோக்கத்தோடு கொண்டுசேர்ப்பவளாகத் தோழி அமைகின்றாள். நண்பர்க்குரிய இடம் இதுவே.

5. வழக்கத்திற்கு மாறான இசை

இசைப் பகிர்வு மேற்கண்டதினும் எளிய பணியைச் செய்கின்றது. செய்தி மெய்யா பொய்யா என்னும் வினா இசைக்கு இல்லை. ‘இதக் கேளு’ என அனுப்புபவர் நண்பரின் சில நிமிடக் கவனத்தை மட்டுமே வேண்டுகின்றார். அதனால் கடமை சுமத்தாத பரிசாக அது அமைகின்றது. நெடுநாள் பேசாத நண்பரிடம் மீண்டும் பேச்சைத் தொடங்கவும் ஒரு பாட்டுப் போதும்.

கடற்கரை மக்களுக்கு உரிய இசைகளுள் அம்பாப் பாடல் முதன்மையானது. துடுப்பு வலிக்கும்போதும் கரைவலை இழுக்கும்போதும் ஒருவர் முதலடி எடுக்க, ஏனையோர் பின்தொடர்ந்து பாடுவர். தமிழகக் கடற்கரையிலும் ஈழக் கடற்கரையிலும் இது வழங்கியது. பல கைகள் ஒரே நொடியில் இழுக்க வேண்டும் என்னும் தேவையே அதன் தாளத்தை உருவாக்கியது. வள்ளங்களில் எந்திரம் பொருத்தப்பட்ட பின்னர் துடுப்புக்குரிய பாட்டிற்குத் தொழில் இல்லாமற் போயிற்று. தொழிலின் பகுதியாயிருந்த பாட்டு, இன்று கைப்பேசியில் கேட்டு வியக்கும் அரிய இசையாகிவிட்டது. தன் முன்னோர் இசையே ஒருவர்க்கு வழக்கத்திற்கு மாறானதாகத் தோன்றுவது, தொழில்நுட்ப மாற்றம் எவ்வளவு விரைந்து நிகழ்ந்தது என்பதற்குச் சான்று.

கடல் கடந்து வந்த இசையும் உண்டு. 1952இல் அமைச்சர் பி. வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசைக்கு இடத்தைச் சுருக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித்பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் தென்கோடிக் கடற்கரையில் இலங்கை ஒலிபரப்பின் செல்வாக்கு நீடித்தது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இங்கும் வீட்டுக்குரல்களாயின. நேயர் விருப்பத்தில் பாடலைக் காட்டிலும், அதற்கு முன் வாசிக்கப்பட்ட பெயர்களையும் ஊர்களையும் மக்கள் கூர்ந்து கேட்டனர். தன் பெயரும் நண்பன் பெயரும் கடல்மீது ஒலிப்பதில் இருந்த மகிழ்ச்சி, இன்று குழுவில் ஒருவரைப் பெயர் சுட்டிப் பாடலை அனுப்புவதில் தொடர்கின்றது.

அவ்வலைவரிசையில் வந்த பொப்பிசைப் பாடல்களும் சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’யும் தமிழகத்தில் பரவின. இவற்றின் பின்னணியிலுள்ள பைலா இசை, இலங்கையில் போர்த்துக்கேயர் தொடர்பால் உருவானது. 16ஆம் நூற்றாண்டு முதல் அதே போர்த்துக்கேயத் தொடர்பைக் கண்ட முத்துக்குளித்துறைக்கு அவ்விசை முற்றிலும் அயலானதன்று. 2011 நவம்பரில் வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாடல், வேடிக்கை எனக் கருதி நண்பர் நண்பர்க்கு அனுப்பியே உலகெங்கும் சென்றது. பாட்டின் தரத்தைவிட அனுப்பும் செயலே முதன்மை பெற்றமை அதில் தெளிவாகத் தெரிந்தது.

6. அன்றாடச் சறுக்கல்: நகையினுள் பாடம்

மூன்றாவது பொருள் சறுக்கல். கைப்பேசி கடலில் விழுந்தது, வலை பாரில் சிக்கியது, நடுவழியில் எந்திரம் நின்றது, ஏலத்தில் எண்ணைத் தவறிச் சொன்னது என இவை அமையும். தன் சறுக்கலைத் தானே நண்பரிடம் கூறி நகைப்பித்தல் இவ்வகையின் இயல்பு.

மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களைக் கூறும். எள்ளலை விளக்குமிடத்துப் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும் பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என இருவகையாகக் கொள்வர். சறுக்கல் கதை இரண்டாம் வகையைச் சார்ந்தது. பிறர் நகைக்கும் முன் தானே நகைத்து, இளிவரலைத் தவிர்க்கும் வழி அது. இந்நகைக்கு உரிமை பெற்றவர் நண்பர் மட்டுமே. அயலார் அதே சறுக்கலை எடுத்துரைத்தால் அது இளிவரலாகிவிடும். தன்னைப் பற்றிய கதையை ஒருவர் எந்தக் குழுவில் கூறுகிறார் என்பது, அவர் யாரை நண்பராகக் கருதுகிறார் என்பதற்கு அளவுகோலாகின்றது.

நகையினுள் தொழிலறிவும் மறைந்திருக்கின்றது. ‘எந்திரம் நின்னுபோச்சு மக்கா’ எனத் தொடங்கும் கதையில், எவ்விடத்தில் நின்றது, எக்காற்று வீசியது, எவ்வாறு கரைசேர்ந்தது என்னும் மூன்றும் இடம்பெற்றே தீரும். அவை இல்லையேல் கதையில் சுவையில்லை. கேட்டவர் நகைத்தபடியே அவ்விடத்தையும் காற்றையும் தீர்வையும் மனத்திற் கொள்கின்றார். அறிவுரையாகக் கூறினால் செவிசாய்க்காத இளைஞரும் வேடிக்கையாகக் கூறியதை மறப்பதில்லை.

இதற்கு ஓர் எல்லை உண்டு. அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் இழவைக் கூறும். சறுக்கல் இழவைத் தொடும்போது நகை அடங்கிவிடுகின்றது. இடைவிடாது வேடிக்கை பகிரும் குழு திடீரென அமைதியடைதலே அங்கு ஓர் அறிவிப்பு.

7. சொன்னவர் மறையும்போது

இதுகாறும் கூறியவை சொல்பவர் அறியப்பட்ட பேச்சைப் பற்றியவை. மக்கள் ‘ஃபார்வர்டு’ என வழங்கும் முன்னனுப்பலில் நிலை மாறுகின்றது. செய்தி நண்பரின் பெயரில் வருகின்றது. ஆனால் சொற்கள் அவருடையவை அல்ல. மேலும் அது பெரும்பாலும் எழுத்துவழக்கில் அமைகின்றது. ‘கடற்கரையில் நூற்றுக்கணக்கான திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின, உடனே பகிரவும்’ என்னும் தொடரில் ‘ஆம்’ இல்லை, ‘மச்சான் சொன்னான்’ இல்லை. எழுத்துவழக்கிற்குத் தமிழ்ச் சமூகம் தரும் மதிப்பும், நண்பர்மேல் உள்ள நம்பிக்கையும் ஒன்றுசேர்ந்து, சான்றற்ற செய்திக்குச் சான்றின் தோற்றத்தை அளிக்கின்றன.

அதன் விளைவு 2018இல் வெளிப்பட்டது. குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியாகப் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற முதிய பெண்ணொருவரும், மீனவர் பகுதியாகிய பழவேற்காட்டில் ஓர் ஆடவரும் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டனர். பிற மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. இதன்பின் அந்நிறுவனம், முன்னனுப்பப்பட்ட செய்திகளுக்கு அடையாளக்குறி இட்டது. 2018 சூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. 2019 சனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் விரிந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு முறையில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என மேலும் குறுக்கப்பட்டது.

அடையாளக்குறி செய்யும் வேலை யாது? ‘இது அனுப்புபவரின் சொல்லன்று’ என அது உணர்த்துகின்றது. பேச்சுத்தமிழில் ‘ஆம்’ ஒட்டு செய்துவந்த பணியும் அதுவே. இலக்கணம் இழந்ததைப் பொறியியல் ஈடுசெய்ய முயன்றது எனலாம். ஆயினும் ‘ஆம்’ கேட்பவரை வினவத் தூண்டும்; குறியைக் கண்ணுற்றுக் கடந்துபோதல் எளிது.

8. இடர்க்காலத்தில் திறந்திருக்கும் தடம்

அரட்டையைத் தடை செய்வதும் தீர்வாகாது. 2017 நவம்பர் 30இல் புயலாக வலுப்பெற்ற ஒக்கி, தமிழகம், கேரளம், இலக்கத்தீவுப் பகுதிகளைத் தாக்கியபோது, பல நாள்களுக்கு முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்க்கு எச்சரிக்கை உரிய காலத்தில் சென்றடையவில்லை. கைப்பேசி அலை கரையிலிருந்து குறைந்த தொலைவு வரையே எட்டும். மீனவர் ‘வயர்லெஸ்’ எனக் கூறும் வானலைப்பேசிக்கும் எல்லையுண்டு. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம்மவரை இழந்தன. அறிவிப்பு இருந்தது, அதைக் கொண்டுசெல்லும் தடம் இல்லை.

அதன்பின் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2019இல் ‘ஜெமினி’ என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. செயற்கைக்கோள் வழியே வரும் வானிலைச் செய்தியைப் பெற்று மீனவரின் கைப்பேசிக்கு அது அளிக்கின்றது. கரைக்கு எட்டாத தொலைவிலும் பயன்படும் சிறப்புடையது. ஆயினும் ஒருவழிக் கருவி. கேட்கலாம், மறுமொழி கூற இயலாது. 

பேச்சோடு சேர்ந்த அறிவிப்பிற்கு வேறு முன்மாதிரிகள் உண்டு. பாம்பனில் 2016 முதல் இயங்கிவரும் ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலி, மீனவர்க்காகவே அமைந்தது. வானிலையும் பாட்டும் பேச்சும் அதில் ஒருசேர ஒலிக்கின்றன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்க்கென உருவாக்கிய செயலிக்கு மீனவ நண்பன் எனப் பொருள்படும் பெயரே இடப்பட்டது. எச்சரிக்கையை மட்டும் கூறும் குரலுக்கு நாளும் செவிகொடுப்பார் இல்லை. நாளும் பேசும் குரல் எச்சரித்தால் செவிகொடுக்காதார் இல்லை. பாட்டும் வேடிக்கையும் செவியைப் பழக்கி வைப்பதால்தான் புயல்நாளில் அச்செவி திறந்திருக்கின்றது.

முடிவுரை

இக்கட்டுரையின் வழிப் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. நண்பர்களின் இணையவழி அரட்டை தொடர்புத் தடத்தைத் திறந்து வைக்கின்றது. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தொழிற்பேச்சும் உறவுப்பேச்சும் அத்தடத்தில் ஒருங்கே செல்கின்றன.

2. வியப்புச் செய்தி, இசை, சறுக்கல் ஆகிய மூன்றும் வெவ்வேறு பணிகளை ஆற்றுகின்றன. முதலாவது ஐயத்தைப் பயிற்றுகின்றது. இரண்டாவது கடமையின்றி உறவைப் புதுப்பிக்கின்றது. மூன்றாவது நகையினூடே தொழிலறிவைக் கடத்துகின்றது.

3. ‘ஆம்’ என்னும் ஒட்டு செய்தியின் வழியைச் சுட்டி, நட்பு முறியாமல் வினவ இடமளிக்கின்றது. எழுத்துவழக்கிலமைந்த முன்னனுப்பல் அவ்விடத்தை அடைத்துவிடுகின்றது. வதந்தியின் வலிமைக்கு இது மொழியியல் காரணங்களுள் ஒன்று.

4. எனவே இணையப் பயன்பாட்டுக் கல்வியைத் தொழில்நுட்ப எச்சரிக்கையாக மட்டும் நடத்தாமல், தமிழ் வகுப்பறையில் கேள்விவழிக் கூற்றின் இலக்கணத்தோடு இணைத்துக் கற்பிக்கலாம். மாணவர் தமக்கு வந்த செய்தியொன்றைப் பேச்சுவழக்கிற்கு மாற்றி, அதன் இறுதியில் ‘ஆம்’ சேர்ப்பதா, ‘பாத்தேன்’ சேர்ப்பதா என முடிவு செய்தல் எளிய பயிற்சியாக அமையும்.

வள்ளுவர் பயனில சொல்லாமையை வற்புறுத்தியதோடு, நட்பு என்பது நகைத்து மகிழ்வதற்காக மட்டும் அன்று, வரம்பு மீறும்போது முற்பட்டு இடித்துரைப்பதற்கும் உரியது என்பதை 784ஆம் குறளில் கூறினார். எப்பொருளை எவர் கூறக் கேட்பினும் அதன் மெய்ம்மையைக் காண வேண்டும் என்பது 423ஆம் குறளின் கருத்து. இவ்விரண்டும் இணையும் இடம் நண்பர்களின் பேச்சே. வியப்புச் செய்தியொன்று குழுவில் வந்து விழும்போது, அதைக் கண்டு நகைத்துவிட்டு, ‘யாருலே சொன்னா?’ என்று கேட்கும் நண்பர் அரட்டையைக் கெடுப்பவரல்லர். அதை மெய்யான நட்பாக்குபவர்.